மத்தியானப் பார்சலில் மிஞ்சிய மீன்

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் மீன் வராது. மனைவியும் மகளும் சைவம். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு இரும்புக் கடையில் சாமான் கட்டுகிறேன். மத்தியானம் நான் மீன் சோற்றுப் பார்சல் வாங்கிச் சாப்பிடுவது மனைவிக்குத் தெரியும். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை.

மகளின் பூனை கழுத்திலும் காதடியிலும் இரத்தம் வரச் சொறியத் தொடங்கியது. தீனி ஒவ்வாமையாக இருக்கலாம் என்று மிருக வைத்தியர் ஒரு பை விசேட தீனி தந்தார்.

"எட்டுக் கிழமைக்கு, ரெண்டு மாசத்துக்கு, இது மட்டும்தான். ஒரு வாய் வேற குடுத்தாலும் அவ்வளவும் வீண்," என்றார்.

மகள் கலண்டரில் ஒவ்வொரு நாளையும் பேனையால் கோடிட்டு வெட்டி வந்தாள். நானோ பார்சலில் மிஞ்சும் மீன் துண்டை, சோறு கட்டித்தந்த லஞ்ச் ஷீட்டிலேயே சுற்றிக் கொண்டுவந்து, வழக்கம்போல மாடிப்படியில் பூனைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். விரலளவு மீன் என்ன செய்யும் என்று நினைத்தேன். அது மட்டுமல்ல. நான் அதிகம் கதைக்காதவன். என் காலடிச் சத்தத்துக்கு ஓடிவருவது அது ஒன்றுதான். வெறுங்கையோடு வந்தால் அதுவும் வராமல் விட்டுவிடுமோ என்று பயந்தேன்.

எட்டுக் கிழமை முடிந்தும் புண் ஆறவில்லை. நானும் மகளும் பூனையைத் திரும்ப வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. மீன், கோழி ஏதும் குடுத்தனீங்களோ?" என்று வைத்தியர் கேட்டார்.

"எங்கட வீட்டில மீனே இல்லை, டொக்டர். நாங்கள் சைவம்," என்றாள் மகள், கொஞ்சம் பெருமையாக.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் பூனைக் கூடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீனி காரணமில்லை என்று முடிவுசெய்து, சொறிவை அடக்க அவர் ஸ்டீரோய்ட் குளிசை எழுதினார். நெடுநாள் கொடுக்க வேண்டும், அதனால் பூனைக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வரவும் கூடும் என்றார். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்று பின்னேரம் மகள் பூனையைத் துவாயில் சுற்றிக் குளிசையைத் திணித்தாள். அது நுரை கக்கித் துப்பி, அவள் கையைக் கீறியது.

"அப்பா, ஒருக்கால் பிடியுங்கோ."

பிடித்தேன். என் கையில் அது அடங்கிவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

"குடுக்காத, பிள்ளை. நான் மீன் குடுத்தனான்."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும்."

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "கந்தசட்டி விரதத்திலயுமோ?"

"ஓம்."

"முருகா! நான் ஆறு நாள் தண்ணியோட கிடக்க, இவர் படியில பூனைக்குப் படையல் போட்டிருக்கிறார்!"

மகள் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, "டொக்டர், நான் சொன்னது பிழை. வீட்டில மீன் குடுத்திருக்கு," என்றாள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஏச்சு முழுவதையும் தலையைக் குனிந்தபடி அவளே கேட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

குளிசையை நிறுத்தி, எட்டுக் கிழமையை முதலிலிருந்து தொடங்கச் சொன்னார் வைத்தியர். இந்த முறை ஐந்தாம் கிழமையே புண் காய்ந்து மயிர் முளைத்தது. மகள் பூனையைத் தூக்கிவந்து கழுத்தைக் காட்டினாள்.

"பாருங்கோ அப்பா, எவ்வளவு வடிவாய் ஆறியிருக்கு!"

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "நல்லது பிள்ளை," என்று மட்டும் சொன்னேன்.