பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

பிரபாகரனுக்குத் தெரியாத விஷயம் மரக்காணத்தில் எதுவும் கிடையாது. இது அவனே சொல்லிக்கொள்வது. என் தங்கை வினோதினியைக் கட்டியவன் என்பதால் நேரில் பார்த்தால் ‘வாங்க மாப்ள’ என்று நான் எழுந்து நிற்க வேண்டும். எழுதும்போது அந்தக் கட்டாயம் இல்லை.

அவன் அப்பா கலியமூர்த்தி உப்பளக் குத்தகைக்காரர். விடியும்போது பாத்தியில் இறங்கினால் வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் கரைக்கு வருவார். மகன் பாத்தியில் கால் வைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக வரப்பில் நின்று போன் பேசுவான். கேட்டால் சூப்பர்வைசிங். உப்பு வாரும் அந்தோணியம்மாள் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்: “தம்பி, உன் நெழலு பாத்தியில வுழுது. உப்பு வெளையாது. அந்தாண்ட போயி நில்லு.” கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது அவனுக்கு என்றைக்கும் எட்டாது. அது ஒரு வரம்.

திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றைப் பாதி படித்தான். ஆரோவிலில் ஓர் அலுவலகத்தில் சில மாதம் டைப் அடித்தான். அங்கிருந்து அவன் கொண்டுவந்த ஒரே சொத்து ‘ஆக்சுவலா’ என்ற சொல். அதை வைத்துத்தான் இன்றுவரை பிழைக்கிறான். தெருவில் யார் வீட்டு டிவி நின்றாலும், யார் போன் சூடானாலும் “ஆக்சுவலா இது சாஃப்ட்வேர் ப்ராப்ளம்” என்பான். பிறகு அது நிரந்தரமாக நின்றுவிடும்.

அவனுக்குப் பேனர் பைத்தியமும் உண்டு. கல்யாணம், காதணி, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவாக இருந்தாலும் முச்சந்தியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கும். ஓரத்தில் மாப்பிள்ளை பெண்ணோ இறந்தவரோ சின்னதாக இருப்பார்கள். நடுவில் பிரபாகரன் பெரிதாக, போன் பேசியபடி இருப்பான். ‘உப்பளத்தின் இளஞ்சிங்கம்.’ நாற்பது தாண்டியும் சிங்கம் இளசுதான்.

பேனர்களை வரைவது என் தங்கை. வெளியாருக்கும் வரைந்து கொடுத்துச் சம்பாதிக்கிறாள். கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டர் அவளுடைய தொழில் கருவி, அவனுடைய சினிமாக் கொட்டகை. எல்லாப் பேனரிலும் ஒரே மாதிரி எழுத்து வருகிறதே என்று அலுத்துப்போய், தனக்கென்று ஓர் எழுத்து வடிவத்தை அவளே வரையத் தொடங்கினாள். அ, ஆ, க, ங என்று ஒவ்வொன்றாக, சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில், ஆண்டுக்கணக்கில். அகலமான, கால் பரப்பி நிற்கும் எழுத்துகள். அவற்றைக் கண்டுதான் ஆரோவில் பக்கத்து அச்சகத்தின் கௌதமன் வீடு தேடி வந்தார். குழந்தைகள் புத்தகம் முழுவதையும் இந்த எழுத்தில் போடுகிறோம், முழு எழுத்தையும் தீபாவளிக்குள் கொடுங்கள் என்றார். என் தங்கை பெயரோடு அச்சில் வரப்போகும் முதல் பொருள் அது. பேனர்களில் அவன் பெயர்தான் வரும்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு நான் பிரான்சின் லியோனிலிருந்து விடுப்பில் வந்து புதுச்சேரியில் தங்கியிருந்தேன். பூஜைக்கு மறுநாள் காலை அவள் போன் செய்தாள்.

“அண்ணா, கம்ப்யூட்டர் செவப்பா இருக்குது. எதுவுமே தொறக்க மாட்டேங்குது. நீ கொஞ்சம் வாயேன்.”

“மாப்ள என்ன பண்றார்?”

“திருஷ்டின்றாரு. எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்காரு.”

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் கூனிமேட்டைத் தாண்டும்வரை எனக்கு வேறொரு கவலை. என் பாஸ்போர்ட் நகல், விசா நகல் எல்லாம் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அந்தக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்தேன்.

கூடத்தில் கம்ப்யூட்டர் அம்மன்போல அமர்ந்திருந்தது. திரைக்கு மேலே சாமந்தி மாலை, நெற்றியில் சந்தனம், குங்குமம். கீபோர்டின் இடுக்குகளில் பொரி. பக்கத்தில் உப்பு வாரும் பலகை, மோட்டாரின் ஸ்பேனர்கள், அவனுடைய கறுப்புக் கண்ணாடி, அதற்கும் பொட்டு. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஆங்கிலத்தில், உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று எழுதி, தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருந்தது.

பிரபாகரன் எலுமிச்சம்பழத்தோடு உள்ளே வந்தான்.

“வாங்க மச்சான். ஒண்ணும் டென்ஷன் ஆவாதீங்க. ஆக்சுவலா நான் அவங்களுக்கு மெயில் போட்டுட்டேன்.”

“யாருக்கு மாப்ள?”

“இதப் பூட்டுனவனுக்குத்தான். நான் யாருன்னு தெரியாம கை வெச்சுட்டான். என் போட்டோவும் வெச்சு அனுப்பியிருக்கறேன், அந்த இளஞ்சிங்கம் பேனரு. பாத்தா தொறந்து வுட்டுருவான்.”

அவன் போனில் பதில் வந்திருந்தது. காட்டினான். கேட்ட தொகையை இரண்டு மடங்காக்கியிருந்தார்கள். பேனரைப் பார்த்தவன் பெரிய இடம் என்று நினைத்திருக்க வேண்டும். பிரபாகரனை அப்படி நம்பிய ஒரே மனிதன் உலகில் அந்தத் திருடன்தான்.

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். திரையைப் போனில் படமெடுத்தேன். ஒரு காசும் அனுப்பக் கூடாது, அனுப்பினாலும் சாவி வரும் என்று நிச்சயமில்லை, இனி அவனுக்கு ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்றேன். சைபர் கிரைமில் புகார் பதிந்தோம். சில பூட்டுகளுக்குப் பாதுகாப்பு நிபுணர்கள் இலவசமாகவே சாவி வெளியிட்டிருப்பார்கள், போனில் தேடினேன். இது புதுப் பூட்டு, சாவி இன்னும் இல்லை. வினோதினியின் கோப்புகள் எல்லாம் பெயருக்குப் பின்னால் அர்த்தமில்லாத வால் முளைத்துக் கிடந்தன. எழுத்துக் கோப்புக்கும் அதே வால்.

“பயப்படாத. நான் வாங்கிக் குடுத்த ஹார்ட் டிஸ்க்ல காப்பி இருக்குமில்ல?” என்றேன்.

வினோதினி கையை நீட்டிக் காட்டினாள். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து ஒரு வயர் வந்தது. அதன் முனையில், வெற்றிலைமேல், பொட்டு வைத்து, பூ வைத்து, ஹார்ட் டிஸ்க் இருந்தது.

“இத ஏன் சொருகி வெச்சீங்க?”

“பூஜ மச்சான்!” சின்னப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னான். “மோட்டாருக்குப் பூஜ போட்டா பெல்ட்ட கழட்டி வெச்சா போடுவோம்? எல்லா பார்ட்டும் ஒண்ணா இருந்தாதான் முழுப் பூஜ. ஸ்க்ரீன்ல சரஸ்வதி படத்தப் போட்டு, ஆன் பண்ணியே வுட்டேன். அகண்ட தீபம் மாதிரி.”

“டிஸ்க்கு லைட்டு கண்ண சிமிட்டிக்கினே இருந்துது அண்ணா,” என்றாள் வினோதினி. “யாரும் வேல செய்யல, இதுக்கு இன்னா வேலன்னு ஆஃப் பண்ணப் போனேன். அத்தை வுடல.”

அவள் மாமியார் விஜயலட்சுமி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். “பூஜையில வெச்ச சாமான மறுபூஜ ஆவறதுக்கு முன்ன தொடலாமா? நீயே சொல்லுப்பா.”

ஆக, ஊரில் ஒரு கருவியும் வேலை செய்யக் கூடாத நாளில், அந்த ஒரு கருவி மட்டும் ஓய்வில்லாமல் வேலை செய்திருக்கிறது. சரஸ்வதி படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, கோப்பு கோப்பாகப் பூட்டிக்கொண்டே போய், கம்ப்யூட்டர் முடிந்ததும் டிஸ்க்குக்குத் தாவியிருக்கிறது. குறுக்கே வர ஆளில்லை. எல்லாரும் தள்ளி நின்று கும்பிட்டிருக்கிறார்கள்.

வைரஸ் எப்படி வந்தது என்று கேட்டேன். பூஜைக்கு முதல் நாள் புதிதாக ஏதாவது போட்டீர்களா?

“வைரஸ் வராம இருக்க ஒண்ணு போட்டேன்.”

“என்னது?”

“ஆன்ட்டிவைரஸ். காசு குடுத்து வாங்குற அயிட்டம், ஒரு சைட்ல ஃப்ரீயா கெடச்சுது. ஏற்கெனவே உள்ள இருந்தது ஓவரா கத்துச்சு, ஆபத்து ஆபத்துன்னு. அத ஆஃப் பண்ணிட்டுப் போடச் சொன்னான், போட்டேன்.” பிறகு பெருமையாகச் சேர்த்தான்: “காசு குடுத்து வாங்குறவன் ஏமாளி மச்சான்.”

நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத் திருடனை வாசல்வரை போய் அழைத்துவந்தவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. தங்கை அவனைத் திட்டவில்லை. கீபோர்டைக் கவிழ்த்துப் பொரியைத் தட்டினாள். பிறகு கௌதமனுக்கு என்ன சொல்வது என்று கேட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் முதலிலிருந்து வரைய வேண்டும்; தீபாவளி நெருங்கிவிட்டது.

பொரியைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். “அண்ணா, ஃப்ளெக்ஸ் கடையில என் எழுத்து கெடையாது. அதனால எழுத்த எல்லாம் படமா, கோட்டு வடிவமா மாத்தித்தான் எப்பவும் அனுப்புவேன். அவரு அந்த ஃபைல வெச்சிருந்தா எழுத்த வெட்டி எடுத்துரலாம்.”

கடைக்காரர் ஆரோக்கியராஜ் நாங்கள் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“வெச்சிருக்கறதா? உங்க வீட்டுக்காரரு எங்கம்மா அழிக்க வுட்டாரு? ஒவ்வொரு பேனரும் முடிஞ்சதும் ‘ஏம்பா, அப்படியே வெச்சிரு, அடுத்த வருசம் தேதிய மட்டும் மாத்திப் போடலாம்’னுவாரு. என் கம்ப்யூட்டர்ல பாதி எடம் அவரு மூஞ்சிதான்.”

திறந்து காட்டினார். பொங்கல் பிரபாகரன், புத்தாண்டுப் பிரபாகரன், தேர்த் திருவிழாப் பிரபாகரன். யாருடைய கருமாதிக்கோ கண்ணீர் சிந்தும் பிரபாகரன், அதிலும் போன் காதில். என் தங்கை அவன் முகங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு எழுத்தைப் பொறுக்கத் தொடங்கினாள். ‘இளஞ்சிங்கம்’ என்ற அற்பத்தனத்திலிருந்து ஞ் கிடைத்தது. ‘ஹேப்பி பர்த்டே’யில் ஹ. அவன் தன் அறுவைச் சிகிச்சைக்குத் தானே போட்டுக்கொண்ட ‘மீண்டு வந்த மாவீரன்’ பேனரில் மீ. அறுத்தது கால் ஆணியை. உருப்படியான ஒரு வரிகூட இல்லாத அந்தக் குப்பையில் ஏறக்குறைய முழு நெடுங்கணக்கும் இருந்தது. ஔ இல்லை, ஃ இல்லை, ங வரிசையில் புள்ளி வைத்ததைத் தவிர மற்றவை இல்லை. அவனைப் புகழ அவை தேவைப்பட்டதில்லை. அவற்றை மட்டும் புதிதாக வரைந்துகொள்வதாகச் சொன்னாள். கோப்புகளை வைரஸ் சோதனை செய்து, புதுப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். திருட்டு மென்பொருள் ஒன்றும் வேண்டாம், வரைவதற்கு இலவசமாகவே நேர்மையான மென்பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டரோடு வரும் காவலே போதும். அது கத்தினால் கையை எடுத்துவிட வேண்டும். அப்டேட் கேட்டால் தள்ளிப்போடக் கூடாது. டிஸ்க்கைக் காப்பி எடுக்கும் நேரத்தில் மட்டும் சொருகி, உடனே கழற்றிவிட வேண்டும். இன்னொரு காப்பி இணையத்தில். கடைசியாக, கம்ப்யூட்டரில் இரண்டு கணக்குகள். எதையும் ஏற்றும் உரிமை வினோதினியின் கணக்குக்கு மட்டும். பிரபாகரன் கணக்கில் படம் பார்க்கலாம், அவ்வளவுதான்.

“என் வூட்டு கம்ப்யூட்டர்ல எனக்கே பர்மிஷன் இல்லியா?”

“மாப்ள, எங்க ஊர்ல பெரிய ஆளுங்க யாரும் இதுல கை வைக்க மாட்டாங்க. மத்தவங்க செய்வாங்க, அவங்க பார்த்துட்டு இருப்பாங்க.”

கொஞ்சம் யோசித்தான். “சூப்பர்வைசிங்,” என்றான்.

“அதேதான்.”

முகம் மலர்ந்துவிட்டது. அவனை ஏமாற்ற எதற்குப் பெரிய திருடர்கள்?

எழுத்து தீபாவளிக்கு முன்பே கௌதமனிடம் போய்ச் சேர்ந்தது. பாஸ்போர்ட் நகல் யார் கையில் இருக்கிறதோ என்று நான் இன்னும் சில இரவுகள் புரள்கிறேன், அது வேறு. புத்தகம் வந்தபோது உள்பக்கத்தில் ‘எழுத்து வடிவம்: வினோதினி’ என்று சின்னதாக இருந்தது. முச்சந்தியில் பேனரும் எழுந்தது. ‘தமிழுக்கு எழுத்து தந்த தங்க மகனே!’ போன் காதில் இருந்தது. வரைந்து கொடுத்தவள் அவள்தான். ஏன் செய்தாய் என்று போனில் சத்தம் போட்டேன். “ஔ வர்ற மாதிரி ‘ஔவை வழி வந்தவரே’ன்னு ஒரு வரி சேத்துட்டேன் அண்ணா. ஆரோக்கியராஜ் கிட்ட இருக்கட்டும்,” என்றாள்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரை அணைத்து, வயரைக் கழற்றி, பொட்டு வைத்திருக்கிறார்கள். டிஸ்க் எங்கே என்று பிரபாகரன் கேட்டிருக்கிறான். அது வந்த அட்டைப்பெட்டியை வினோதினி எடுத்து நீட்டியிருக்கிறாள். அவன் திறந்து பார்க்கவில்லை. சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டிருக்கிறான்.

டிஸ்க் சமையலறையில், உளுத்தம்பருப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் அவன் கை இதுவரை பட்டிராத இடம் அதுதான்.