ஷரிபுதீன் தலைவரான கதை

ஷரிபுதீனைத் தலைவராக்கியது கடல்தான் என்று மருதமுனையில் சொல்வார்கள். அதற்கு முன் அவர் சைக்கிள் திருத்துகிறவர், இரைந்து பேசத் தெரியாத மனிதர். கடற்கரையோரத்தில் மனைவி றாபியாவுக்கு அவள் தாய் சீதனமாகக் கொடுத்த வீட்டில் குடியிருந்தார்.

2004 மார்கழியில், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் கடையில் இருந்தார். வீட்டு வாசலில் நின்ற ஏழு வயது மகள் அப்ராவைச் சுனாமித் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. அவளை எட்டிப் பிடித்துத் தோளில் ஏற்றி, ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு உயிர் காத்தவன் பக்கத்து வளவு மீனவன் ஹஸன். மறு கையில் பிடித்திருந்த சொந்த மகனைத்தான் அவனால் வைத்திருக்க முடியவில்லை.

அடுத்த மூன்று நாளும் ஷரிபுதீனும் ஹஸனும் சேர்ந்தே மையத்துகளைத் தேடி எடுத்தார்கள். ஹஸனின் மகன் இரண்டாம் நாள் கிடைத்தான். குழிக்குள் இறங்கி அவனை வாங்கிக்கொண்டவர் ஷரிபுதீன்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டபோது, வந்த அதிகாரிகளுக்கு ஊரைத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லாரும் ஷரிபுதீனைக் காட்டினார்கள். முகாம் கொமிட்டித் தலைவர் பதவியும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலும் அவர் கைக்கு வந்தன. முதல் மாதங்களில் அவரைப்போல் நேர்மையான ஆள் இல்லை. நிவாரண வரிசையில் கடைசி ஆளாக நிற்பவள் றாபியாதான்.

ஒரு நாள் அவர் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, பாயில் படுத்திருந்த ஒரு வயோதிபர் சிரமப்பட்டு எழுந்து நின்றார். ஷரிபுதீனுக்கு வெட்கமாக இருந்தது. "இரிங்க வாப்பா" என்றார். ஆனால் மறுநாள் அந்த அறைக்குள் போனபோது, அந்த வயோதிபர் எழுந்து நிற்பாரா என்று ஷரிபுதீனின் கண் தேடியது.

நிரந்தர வீடுகளுக்குப் பட்டியல் எழுதியபோது, அரசியல்வாதி ஒருவர் அனுப்பிய சில பெயர்களும் உள்ளே வந்தன. கூட்டத்தில் சல்மா உம்மா என்ற விதவை எழுந்தாள்.

"தலைவர், கடல் தொடாத வீட்டுக்காரன்ட பேரு எப்பிடி இதுல வந்திச்சி?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஷரிபுதீனைச் சுட்டது. சல்மா உம்மா பாலமுனையில் பிறந்தவள். மருதமுனைக்கு வந்து இருபது வருடம். "நீங்க பாலமுனைப் பதிவு" என்று சொல்லி, அவள் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினார். ஒரு கோடுதான். இவ்வளவு இலேசான வேலையா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

தங்களுக்குக் கிடைத்த வீட்டையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

"என்ட உம்மா தந்த வளவுக்குப் பதிலாத் தாற வீடு. என்ட பேருலதானே வரணும்?" என்று றாபியா கேட்டாள்.

"குடும்பத் தலைவன்ட பேருலதான் எழுதுவாங்க."

மனைவி பெயரில் எழுதவும் இடமிருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

2008 தொடக்கத்தில் ஆட்கள் ஹஸனிடம் போய், தலைவர் பதவிக்கு நிற்கச் சொன்னார்கள். ஹஸன் நேரே ஷரிபுதீனிடம் வந்தான்.

"மச்சான், சனம் கேக்குது. ஒனக்கும் களைச்சிப் பெய்த்து. கொஞ்ச நாளைக்கு நான் பாக்கன்."

"ஓம், பாரு" என்று சிரித்தார் ஷரிபுதீன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அந்தக் கிழமையே, இயக்கத்தோடு தொடர்புள்ளவர்கள் யாரென்று ஊருக்குள் தகவல் கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்துபோகும் ஒருவனிடம் போனார். ஹஸன், பக்கத்துத் தமிழ்க் கிராமமான பாண்டிருப்பில் இருக்கும் நல்லரெத்தினத்தோடு ஒரே தோணியில் தொழிலுக்குப் போகிறவன். "ரெண்டு பேரும் கடல்ல ஆரச் சந்திக்கிறாங்களோ, எனக்குத் தெரியா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் இலக்கத்தகடில்லாத வான் ஒன்று வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனது. வந்தவர்கள் யாரென்று சொல்லவில்லை. ஹஸன் பத்தொன்பதாம் நாள் திரும்பி வந்தான். வலது கை விரல்கள் கோணி, நிமிர்த்த முடியாமல் இருந்தன. நல்லரெத்தினம் திரும்பவே இல்லை.

பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை. நான் அடிக்கச் சொன்னேனா என்று ஷரிபுதீன் தன்னையே கேட்டுக்கொண்டார். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குச் சலாம் சொல்பவர்கள் கண்ணைத் தாழ்த்தினார்கள். அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். ஹஸன் இருக்கும் ஒழுங்கையால் மட்டும் அவர் போவதில்லை.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது என்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். அந்த அரசியல்வாதி மேடைக்கு வந்தார். அடுத்த தேர்தலில் தனக்கு ஓர் இடம் உண்டென்று நம்பி, ஷரிபுதீன் மாலையோடு காத்து நின்றார். மாலையை வாங்கிக்கொண்ட அந்த மனிதர் பக்கத்திலிருந்தவனிடம் திரும்பி, "இவர் ஆரு?" என்று கேட்டார். கீழே இறங்கியதும் அந்தப் பக்கத்து ஆள் சொன்னான்: "இனி அந்தக் கொமிட்டி தேவல்ல, நானா. வீடெல்லாம் குடுத்தாச்சிதானே."

வீட்டுக்கு வந்தால் வாசலில் சல்மா உம்மா, றாபியாவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் தகரக் கொட்டிலில்தான் இருந்தாள். "தலைவர், இனியாவது என்ட பேர..." என்று தொடங்கினாள்.

"ஹஸனுக்கு நடந்தது தெரியும்தானே? வாயப் பொத்திட்டுப் போ!"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. கதவருகே பன்னிரண்டு வயது அப்ரா நின்றிருந்தாள்.

"அப்ப நீங்கதானா?" என்றாள் றாபியா.

"அது ஊர் விசயம் புள்ள. ஒனக்கு விளங்காது."

"இந்தப் புள்ளயப் புடிச்ச கையில்லையா அது?"

றாபியா உள்ளே போய் உடுப்புகளை ஒரு பையில் அடைத்தாள். "வீடு ஒங்கட பேருல. நீங்களே இரிங்க" என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு பாலமுனையிலிருக்கும் தன் கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டுக்குப் போனாள். அப்ரா வாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஜும்ஆவில், தொழுகை வரிசையில் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாகக் கிடந்தது. வரிசையை நிரப்பச் சொல்லி இமாம் இரண்டு முறை கூறினார். பிறகு யாரோ பின்னாலிருந்து வந்து அந்த இடத்தில் நின்றார்கள். தோளோடு தோள் முட்டியது. ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது, தன் கைக்குப் பக்கத்தில் தரையில் படிய முடியாத ஐந்து விரல்களை ஷரிபுதீன் கண்டார். எல்லாரும் எழுந்த பிறகும் அவர் தலையைத் தூக்கவில்லை.

தொழுகையின் முடிவில் ஹஸன் வழக்கப்படி வலது பக்கமும் இடது பக்கமும் திரும்பி ஸலாம் கொடுத்தான். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.