ட்ராபெக் தளபதியின் நாக்கு

ஹைனெக் ட்ராபெக்கைப் பற்றி யாராவது எழுதியே ஆகவேண்டும், அதனால் நானே எழுதுகிறேன்! கொலோவெட்ஸ் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவர்தான் தளபதி. வயது ஐம்பத்தொன்று. பிழைப்புக்குக் குழாய் ரிப்பேர். ஆனால் நீங்கள் யார் என்று கேட்டுப்பாருங்கள், குழாயைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

பிப்ரவரியில் அந்த ஊர் பாலர் பள்ளிக்குப் பேச்சுப் பயிற்சியாளராகப் போனேன். முதல் வேலை. பதினேழு பிள்ளைகளைச் சோதித்தால், பதினோரு பேருக்கு 'ர' வரவில்லை. நாக்கு நுனி சும்மா கிடக்கிறது, தொண்டைக்குள்ளிருந்து வாய் கொப்பளிக்கிற சத்தம். ட்ராக்டர் என்றால் 'ட்க்ஹாக்டக்ஹ்'. ஒரே ஊரில் பதினோரு பேருக்கா! காதைப் பார்த்தேன், நாக்குக்கு அடியிலுள்ள ஜவ்வைப் பார்த்தேன், கிணற்றுத் தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

மதியம் சிவப்பு வண்டி வந்து நின்றது. தளபதி இறங்கினார். பிள்ளைகள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

"வாங்க டாக்டக்ஹம்மா! நம்ம ஊக்ஹு எப்படி இக்ஹுக்கு?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. (இனி அவர் பேச்சையும் பிள்ளைகள் பேச்சையும் சாதாரணமாகவே எழுதுகிறேன், கொப்பளிப்பை நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பத்துப் பிள்ளைகளுக்குக் குறையே இல்லை. வண்டி விளையாட்டில் தங்களை மறந்து 'ர்ர்ர்' என்று சுத்தமாக ஓட்டினார்கள். தளபதி மாதிரி ஆகவேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். பதினோராவது ஆள் அப்போலெனா, ஆறு வயது. அவளுக்கு நிஜமாகவே நாக்கு நுனி எழும்பாது, பாதிச் சொற்கள் குழைந்துபோகும். ஏப்ரல் நடுவில் பெரிய பள்ளியில் பெயர்ப்பதிவு. பேசுவது புரியாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிடுவார்கள். மற்ற பத்துப் பேரும் போய்விட, அவள் மட்டும் தங்கிவிடுவாள். அவளோ பயிற்சி செய்ய மறுத்துவிட்டாள்.

"தளபதியும் இப்படித்தான் பேசுறாரு. நெருப்பு அணையலையா?"

நேரே தளபதியிடம் போனேன்.

"நானா? எனக்கென்ன கேடு?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க கத்துக்கிட்டாத்தான் அவ கத்துக்குவா."

"படைப் பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும், டாக்டரம்மா."

"நான் சொல்லமாட்டேன்."

தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "எந்தக் கிழமை வரணும்?"

வியாழக்கிழமை வந்தார், முழுச் சீருடையில், தலைக்கவசத்தோடு. குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்தார். அவருக்கும் அப்போலெனாவுக்கும் மேலுதட்டில் ப்ளம் ஜாம் தடவி, நாக்கு நுனியால் நக்கி எடுக்கச் சொன்னேன். அடுத்து, குதிரை ஓடுவதுபோல நாக்கைச் சொடுக்க வேண்டும். பிறகு 'ர' வரும் இடத்தில் மெல்ல ஒரு 'ட' தட்ட வேண்டும். வேகம் கூடக் கூட ஒருநாள் நாக்கு தானே துடித்துவிடும். ட்ராபெக் என்பது முதலில் 'ட்டாபெக்'.

அப்போலெனா இரண்டே நிமிஷத்தில் அதிகாரியாகிவிட்டாள்.

"தளபதி, உங்க நாக்கு படுத்துத் தூங்குது. எழுப்புங்க."

"எழும்பமாட்டேங்குதே கண்ணு."

"கண்ணாடியப் பாருங்க! என்னை ஏன் பாக்குறீங்க?"

வீட்டுப்பாடம் தினம் மூன்று வேளை, கண்ணாடி முன்னால். வீட்டில் செய்தால் மனைவி சிரிக்கிறாராம். அதனால் ஊராட்சி அலுவலகத்தின் ஒலிபெருக்கி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார். ஊர் அறிவிப்பு, சைரன் இரண்டும் அங்கிருந்துதான்.

ஏப்ரல் முதல் புதன். மாதாமாதம் போல நடுப்பகலில் சைரன் சோதனை. ஊதி அடங்கியது. பாலர் பள்ளியில் எல்லோரும் பருப்பு சூப்பில் கரண்டி விட்டோம். அப்போது கம்பத்து ஒலிபெருக்கியிலிருந்து குதிரை ஓடுகிற சத்தம். பிறகு, "டட்டட்ட, டட்டட்ட, டட்டட்ட."

சைரனை அணைத்தவர் மைக்கை அணைக்கவில்லை!

"இது என்ன ஆபத்துக்கான அறிவிப்பு?" என்றார் இலோனா டீச்சர். எதிர்வீட்டுக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று ஆடுகளை அவிழ்த்து மேட்டுப்பக்கம் ஓட்டினார்.

"சனியனே, மேல போ!" என்றது கம்பம். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து கிழிச்சிடுவா."

அப்போலெனா கரண்டியைக் கீழே வைத்தாள். முற்றத்துக்குப் போனாள். கம்பத்தடியில் இடுப்பில் கைவைத்து நின்று அண்ணாந்து கத்தினாள்.

"தப்பு! நாக்கு பல்லுக்குப் பின்னால! மெதுவா இல்ல, வேகமா! ட்டாபெக், ட்டாபெக், ட்டா... ட்ராபெக்!"

தன் வாயையே பிடித்துக்கொண்டாள். விரல்களை விலக்கி இன்னொரு தடவை சொன்னாள். "ட்ராபெக்." தட்டுத் தடுமாற்றமே இல்லாத 'ர'! எனக்குக் கண்ணீர் சூப்பில் விழுந்தது, வெட்கமே இல்லை.

கம்பம் பாட்டுக்கு "டட்டட்ட" என்றது.

"இவருக்குக் காதும் கேக்கல," என்று ஓடினாள். சூப்பை விட்டுவிட்டு எல்லோரும் பின்னால் ஓடினோம். ஒலிபெருக்கி அறைக் கதவை உதைத்தாள். உதட்டில் ஜாமோடு தளபதி திறந்தார்.

"ட்ராபெக்!"

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் ஊர் முழுக்கக் கேட்டது.

மதுக்கடையில் படையாட்கள் அவரை இப்போது "டட்டட்ட" என்றுதான் கூப்பிடுகிறார்கள். "சைரன் கெட்டுப்போனா கவலையில்ல, தலைவரே இருக்காரு!" அவருக்கு 'ர' இன்றுவரை வரவில்லை. மற்ற பத்துப் பேரையும் அப்போலெனா ஒரே வாரத்தில் திருத்திவிட்டாள், உத்தரவு போட்டு. பெயர்ப்பதிவில் தலைமையாசிரியை கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னாள், கேட்காததற்கும் சொன்னாள். செப்டம்பரில் பதினோரு பேரும் சேர்ந்தே போகிறார்கள்.

மே மாதம், தீயணைப்பாளர்களின் காவலரான புனித ஃப்ளோரியான் நாளில் படை அணிவகுத்து நிற்க, தளபதி மாவட்ட அதிகாரியிடம் தன் பெயரைச் சத்தமாக அறிவிக்க வேண்டும். இத்தனை வருஷமாக மனிதர் அந்த இடத்தில் இருமிச் சமாளித்து வந்திருக்கிறார். இந்த வருஷம் இருமவில்லை. ஓரடி தள்ளி நின்றார். அவருக்குப் பின்னாலிருந்து, காதுவரை மூடிய தலைக்கவசத்தோடு அப்போலெனா முன்னே வந்து சல்யூட் அடித்தாள்.

"தளபதி ஹைனெக் ட்ராபெக்! எல்லாரும் வந்தாச்சு!"