சொல்லக்காவின் விசாரணை

"சொல்லு, உள்ள என்ன வச்சிருக்க?" என்று கம்ப்யூட்டரைக் கேட்டபடி அக்கா இன்னொரு பிரிண்ட் வரியைத் தட்டுகிறார். புரோகிராம் எங்கே மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். தகவலைப் போட்டுவைக்கும் பெட்டி மாதிரியான ஒவ்வொரு வேரியபிளின் வயிற்றிலும் அந்த நேரத்தில் என்ன கிடக்கிறது என்று ஒரு பிரிண்ட் வரி போட்டுத் திரையில் கொட்டச் சொல்வார். எங்கள் வெப்சைட் கம்பெனியில் 'சொல்லக்கா' என்றால்தான் அவரைத் தெரியும்.

கொட்டுகிற வரிகளுக்கு அவர் வைக்கும் வாசகங்கள் தனி ரகம். 'வாசல் வரைக்கும் வந்துட்டான்', 'இங்கயும் உயிரோடதான் இருக்கான்', 'போச்சு, காலி'. புரோகிராமை நடுவில் நிறுத்திப் பார்க்கக் கருவி இருக்கிறதே என்று டீம் லீடர் தலைகீழாக நின்று பார்த்துவிட்டார்.

"ஓடுறவன மறிச்சுக் கேட்டா மென்னு முழுங்குவான், தம்பி. ஓடவிட்டுக் கேளுங்க, தானா உளறுவான்," என்பார் அக்கா.

வீட்டிலும் இதே கதைதான். அடுப்பில் எது இருந்தாலும் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாராம். "அது வேகவா வேணாமா?" என்று கணவர் கேட்பாராம்.

போன வாரம் ஒரு நாய்கள் காப்பகத்தின் இணையதளம் மதியம் திறக்க இருந்தது. காப்பகத்தை மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அதற்குள் எல்லா நாய்களுக்கும் வீடு கிடைத்தாக வேண்டும். அதை நடத்தும் அம்மா அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திரையில் எல்லா நாயும் வந்தது, ஒற்றைக்கண் கிழவனைத் தவிர.

"அவன யாரும் பாக்கலன்னா யாரும்மா கூட்டிட்டுப் போவாங்க?" அந்த அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

அக்கா விசாரணையில் இறங்கினார். முதல் வரியில் கிழவன் இருந்தான். அடுத்ததிலும் இருந்தான். வயதுவாரியாக அடுக்கும் இடத்தைத் தாண்டியதும் ஆளைக் காணோம். வயதைக் கொட்டச் சொன்னால், மற்றவர்களுக்கெல்லாம் எண், இவனுக்கு மட்டும் 'யாருக்குத் தெரியும்'.

"ரோட்டுல கெடந்தவனுக்குப் பொறந்த தேதிக்கு நான் எங்க போவேன்? உள்ளதத்தான் எழுதினேன்," என்றார் அந்த அம்மா.

அக்கா சிரித்த சிரிப்பில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். எண் இல்லாதவர்களைத் தள்ளிவிட்டது அக்காவே எழுதிய வரி. "நாந்தான் உன்ன வெளிய தள்ளினேனா? மன்னிச்சுக்கடா கண்ணா," என்றபடி அந்த வரியைத் திருத்தினார். கிழவன் திரையில் வந்து நின்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தளம் திறந்து கொஞ்ச நேரத்தில் காப்பக அம்மாவின் போன் அடித்தது. "ஆமாங்க, அவனுக்கு ஒரு கண்ணுதான். இல்லங்க, கடிக்கவே மாட்டான்..."

டீம் லீடர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா ஒரு கையால் அந்த அம்மாவின் தோளைப் பற்றிக்கொண்டு, மறுகை விரலை உதட்டில் வைத்து எங்கள் எல்லோரையும் அடக்கினார்.