மழையில் நனையாத ஏழு பேர்

அவர்களை நான் முதன்முதலில் பார்த்தது ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில். குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் காலனியில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வாசல் ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து, முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்குவது போலப் பாவனை செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் சரி. அரிசியும் கல்லும் எனக்கு ஒரே வெள்ளைப் புகை. விரலால் தடவிப் பார்த்து, சந்தேகமானதை எல்லாம் வீசி எறிவேன். அந்த வருடம் எங்கள் தெருக் கோழிகள் நன்றாகக் கொழுத்திருந்தன.

நிமிர்ந்தபோது மேட்டுப் பாதையில் ஏழு பெண்கள் இறங்கி வந்தார்கள். முதுகில் கொழுந்துக் கூடை. இந்தக் காலத்துப் பை இல்லை. கயிற்றைத் தலையில் மாட்டித் தொங்கவிடும் பழைய மூங்கில் கூடை. ஏழு பேருக்கும் ஒரே மாதிரி அரக்குச் சேலை. கரையில் தங்க நிறத்தில் சின்னச் சின்ன மயில்கள். ஒவ்வொரு மயிலின் கொண்டையிலும் மூன்று இழை. எண்ணினேன்.

எண்ணிய பிறகுதான் உறைத்தது. எதிரே வந்து நிற்கிற ஆளின் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாத எனக்கு, இருபதடி தள்ளிப் போகிறவளின் சேலைக் கரையில் மயில் கொண்டை தெரிகிறது.

சேற்றில் நடந்தார்கள், ஒரு சத்தமும் இல்லை. தலைக்கு மேல் மழை பெய்தது, ஒரு துளியும் அவர்கள் மேல் விழவில்லை. ஒருத்தியும் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர்த் தொட்டி இருக்கும் வளைவு வரை போனார்கள். அதற்குப் பிறகு அங்கே தொட்டி மட்டும் இருந்தது.

யாரிடம் சொல்வது? நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள் நான். ஒரு பொய்யாவது சொல்லாமல் ஒரு கூடை நிறைத்ததில்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், பழைய பங்களாப் பக்கம் தலையில்லாத வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி சீப்பைத் தேடிக்கொண்டு அலைகிறாள் என்று சொல்லி அழ வைத்திருக்கிறேன். தலையே இல்லாதவளுக்குச் சீப்பு எதற்கு என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் போய், நான் ஏழு பேரைப் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

நம்பினால் அதைவிட மோசம். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் மகன், என்னை அங்கே கூட்டிப்போக ஒரு காரணத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் இந்த வீடு, இலங்கையிலிருந்து வெறுங்கையோடு வந்த நானும் அவன் அப்பாவும் மண் சுமந்து எழுப்பியது. அவர் போன பிறகும் அவர் வைத்த கதவுக் கொண்டியைத்தான் தினமும் போடுகிறேன். அதை விட்டுவிட்டு, நாலாவது மாடியில் போய் எந்தக் கொண்டியைப் போடுவது?

அதனால்தான் கண் மங்கியதையே இரண்டு வருடமாக மறைத்திருந்தேன். மகன் வீடியோவில் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரிதான் போனைப் பிடிப்பாள். எனக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும். ஆனாலும் முந்திக்கொண்டு, "என்னா சாமி, இப்புடி எளைச்சுப் போயிட்ட?" என்பேன். ஒருமுறை அவன் சிரித்துவிட்டான்.

"அம்மா, எட்டு கிலோ ஏறியிருக்கேன்."

"பெத்தவ கண்ணுக்கு எளைச்சாப்லதான் தெரியும், போடா" என்று சமாளித்தேன்.

ஏழு பேரும் மறுபடி மறுபடி வந்தார்கள். பாதையில் வந்தவர்கள் பிறகு வாசலில் வந்தார்கள். பிறகு அடுப்படிச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சில நாள் அவர்களுக்குப் பதிலாக, வீட்டு நடுவே செங்கல் சுவர் ஒன்று எழும்பி நிற்கும். ஒருநாள் கட்டில் பக்கத்தில் சலங்கை கட்டிய வெள்ளைக் குதிரை. சலங்கை ஆடியது, ஒலிக்கவில்லை.

வேப்பிலை செருகினேன். அம்மன் கோயில் விபூதியைத் தெளித்தேன். விபூதி தரையில் விழுந்தது, அதைக் கூட்டும் வேலைதான் மிச்சம். கண்ணை இடமும் வலமுமாக வேகமாக ஓட்டினால் சில நேரம் மறைவார்கள் என்று நானாகக் கண்டுபிடித்தேன். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். நிஜமான ஆள் மழையில் வந்தால் சொட்டுவான், செருமுவான், என் வீட்டுத் தரையைச் சேறாக்குவான். இவர்கள் எதையும் ஆக்குவதில்லை. சத்தமும் ஈரமும் இல்லையென்றால் பொய். இதுதான் என் சட்டம்.

பயம் அதனால் குறையவில்லை. ஒரு மாலை, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று ஏழு டம்ளர் எடுத்து வைத்துத் தேநீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள்.

"என்னாக்கா, இத்தன டம்ளரு? யாருக்கு ஊத்துறீங்க?"

"ஒம் மாமியாளுக்குத்தான் புள்ள. செத்தும் டீக் கேக்குறா."

"அய்யய்ய, அதுக்கு இனிப்புக் கூடுதலாப் போடுங்க. இல்லாட்டி மூஞ்சிய தூக்கி வச்சிக்கும்" என்று அவள் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டுப் போனாள். அவள் கை, சுவரோரம் நின்ற மூன்றாவது பெண்ணின் வயிற்றுக்குள்ளே புகுந்து வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த முகங்களில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. ஆவிதான் என்றால் என் வீட்டுக்காரர் அல்லவா வரவேண்டும்? கதவுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பேன். யார் யாரோ வந்தார்கள். அவர் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழைய பயம் கிடந்தது. சிறுமியாக இருந்தபோது இலங்கையில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒரு கிழவி தனியாக இருந்தாள். தன் அறையில் பட்டுச் சட்டை போட்ட பிள்ளைகள் வந்து உட்காருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பேய் என்று முடிவு கட்டி, பூசாரியை வைத்து வேப்பங்குழையால் அடித்தார்கள். பிறகு யாரோ சொந்தக்காரர்கள் வந்து வேறு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அதையும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

அதனால் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. மழை நின்று, பஞ்சு அடைத்தது போல மூடுபனி. பால் வாங்க மேட்டுப் பாதையில் ஏறினேன். எங்கள் ஊரில் மூடுபனியில் நடக்கிறவர்கள் பத்தடிக்கு ஒருமுறை "ஹோய்" என்று குரல் கொடுப்பார்கள். காட்டெருமை செடிகளுக்குள் படுத்திருக்கும். குரல் கேட்டால் அது விலகும், இல்லாவிட்டால் நாம் விலகலாம். நான் அன்று குரல் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே கொடுப்பதில்லை. கத்தினால் அவர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

வளைவில் கறுப்பாகப் பெரிதாக ஒன்று பாதையை அடைத்து நின்றது. சத்தமில்லை. ஆடவில்லை, அசையவில்லை. என் சட்டப்படி அது பொய்.

"இன்னிக்கி நீயா? குதிரைக்கி லீவா?" என்று கேட்டுக்கொண்டே, குடை நுனியால் அதை ஒரு குத்துக் குத்தினேன்.

குடை உள்ளே போகவில்லை. கெட்டியான எதிலோ முட்டி நின்றது. என் முகத்தில் சூடாக ஒரு மூச்சு வந்து அறைந்தது. புல் வாடையும் சாணி வாடையுமாக. மேலே யாரோ அலறினார்கள். பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா! எருமைக்கா! ஆடாம நில்லுங்க!"

ஆட எனக்குக் கால் இருந்தால்தானே? அது ஒருமுறை சீறியது. பிறகு எனக்கென்ன வந்தது என்பதுபோல, செடிகளை முறித்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது. நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஓடிவந்து தூக்கினாள்.

"பாத்துக்கிட்டே போயிக் குத்துறீங்களேக்கா! தெரியலையா? என்னான்னு நெனச்சீங்க?"

வாயில் வந்துவிட்டது. "எப்பவும் வர்றதுன்னு நெனச்சேன் புள்ள."

சொன்ன பிறகு அவள் கை என் தோளிலிருந்து மெல்ல நழுவியதை உணர்ந்தேன்.

அவள் போன் போட்டிருக்கிறாள், அன்று சாயங்காலமே மகன் வந்துவிட்டான். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் சின்னப் பெண். குரலை வைத்துச் சொல்கிறேன். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"அம்மிச்சி, ரெண்டு கண்ணுலயும் பொரை நல்லா முத்திப் போச்சுங்க. இத்தன நாள் எப்புடிங்க சமாளிச்சீங்க?"

"வாயாலதான் சாமி."

சிரித்தாள். பிறகு, உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள். "இல்லாத ஆளுக, உருவம், அந்த மாதிரி ஏதாச்சும் தெரியுதுங்களா? பல பேருக்குத் தெரியும். சொல்றதுக்குத்தான் பயப்படுவாங்க."

மகன் பக்கத்தில் நின்றான். அவன் சட்டைக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். பிறகு, "ஏழு பேரு" என்றேன்.

"பேசறாங்களா?"

"மூச்சே விடறதில்ல."

"தெரிஞ்சவங்களா?"

"ஒருத்தருமில்ல."

"அப்படித்தானுங்க. பெரும்பாலும் தெரிஞ்சவங்க வரமாட்டாங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூளை பார்த்துப் பார்த்தே பழகினதுங்க அம்மிச்சி. பொரை மறைச்சு, உள்ள வர வேண்டிய படம் சரியா வரலீன்னா, அது சும்மா இருக்காது. தானா ஒண்ண வரைஞ்சுக்கும். பைத்தியமில்லீங்க. பேயுமில்லீங்க. பொரை எடுத்தா பெரும்பாலும் நின்னுரும். இன்னொண்ணு மட்டும் கேக்கறேன். அவங்க தொடற மாதிரி, கிள்ளற மாதிரி இருக்குதுங்களா?"

"இல்ல" என்றேன். சொன்ன பிறகுதான் லயத்துக் கிழவி நினைவுக்கு வந்தாள்.

பஸ்ஸில் மலை ஏறினோம். வீட்டுக்கு வந்ததும் ஒரு பையை எடுத்து என் சேலைகளை அடுக்க ஆரம்பித்தான்.

"ஆபரேஷன் வரைக்கும் அங்க இருங்க. அப்பறமும் அங்கயே இருக்கலாம். எருமையக் குத்துற ஆள எப்புடிம்மா தனியா உட்டுட்டுப் போறது?"

நியாயமான கேள்வி. அதனால் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"லயத்துல ஒரு கெழவி இருந்தா. கண்ணு ரெண்டும் பால் ஊத்துனாப்ல வெள்ளையா இருக்கும். புள்ளைங்க வருதுங்க, ஒக்காருதுங்க, ஒண்ணும் பண்ணாதுங்கன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. யாரும் கண்டுக்கல. நாந்தான் கூட்டாளிகளச் சேத்துக்கிட்டுப் போயி, அவ வாசல்ல வரிசையா ஒக்காந்தேன். பேசாம. அவ கைய நீட்டுனா நழுவிக்குவோம். ஒருநா, கிள்ளிட்டேன்."

சேலை மடிக்கும் சத்தம் நின்றது.

"அன்னைக்கித்தான் அவ கத்துனா. இப்பக் கிள்ளுதுங்க, கிள்ளுதுங்கன்னு. கிள்ளுன அடையாளம் இருந்துச்சு. அதப் பாத்துத்தான் பேயின்னாங்க. அவ போகமாட்டேன்னு கதவப் புடிச்சா, வெரலப் பிரிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. அந்த ஊட்டுக்குத் திரும்பி வரல. எனக்கு எட்டு வயசு. அவளுக்கும் இதே பொரைதான்னு இன்னிக்கித்தான் தெரியுது, இப்ப வரைக்கும் அது பேயின்னுதான் நெனச்சிருந்தேன். பேய் வந்த ஊட்டுல நாம வெளையாண்டது ஒரு குத்தமான்னு நெனச்சிருந்தேன்."

சுவரோரம் அந்த ஏழு பேரும் நின்றார்கள். அவர்களைப் பார்க்காமல் மகன் இருக்கும் பக்கம் பார்த்தேன்.

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"ஆபரேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். "கட்டுப் பிரிச்சதும் இங்கயே கொண்டாந்து உடறேன். அதுவரைக்கும் பால் வாங்கக்கூடப் போகக் கூடாது. பக்கத்து வூட்டு அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்."

"அவ என்னையக் கண்டாலே ஓடுறாடா."

"நான் பேசிக்கிறேன். டாக்டர் சொன்னத அப்படியே சொல்லறேன்."

அவன் இறங்கிப் போகும்போது சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றேன். உள்ளே இருந்த ஏழு பேரும் எப்போதோ வெளியே வந்து, அவனைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மயிலும் தெரிந்தது. கூடையின் ஒவ்வொரு பின்னலும் தெரிந்தது. நடுவில் அவன், சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். எருமையும் அன்று அப்படித்தான் கலங்கலாக நின்றது. நான் போட்ட சட்டத்தில், கலங்கலாகத் தெரிவதுதான் நிஜம் என்பதைச் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

வளைவில் அந்தக் கலங்கல் நின்றது.

"நனையாம உள்ள போங்கம்மா" என்று அவன் குரல் வந்தது.

"நீ நனையுறியா?" என்று கத்தினேன்.

"தொப்பலா நனைஞ்சுட்டேன்!"

சரி என்று கொண்டியைப் போட்டேன். கையை எடுக்கும்போது, மறு கையின் விரல்கள் கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாக நானேதான் பிரிக்க வேண்டியிருந்தது.