இருபத்தேழே ஆட்டம்

மதீனா பீவியின் இரண்டு கட்டைவிரல்களும் ஓயவே இல்லை. பேட்டிக்கு வந்த என்னை உட்காரச் சொன்னதுகூடக் கண்ணால்தான். உள்ளங்கை அளவு விளையாட்டுப் பெட்டியின் திரையில் ஒரு ஆட்டோ பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓடியது. ஏழாவது பள்ளத்தில் விழுந்தது. “மால் ஓகே, சரக்கு சுத்தம்” என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், ஏணியேறிப் போகும் மாடியில் அவருடைய பட்டறை. ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். திரை, சர்க்யூட் பலகை, பட்டன் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. அவற்றைப் பொருத்தி, ‘சாயிமா’ என்று மகளின் பெயரைப் பதித்து, ‘27 கேம்’ என்று அச்சிட்ட டப்பாவில் போட்டு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் அம்மையார் தாமே ஆடிப் பார்த்தாக வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. தோற்றால் இன்னும் கோபம் வருகிறது!

பெரிய கம்பெனிப் பெட்டி வாங்க ஒரு மாதச் சம்பளம் வேண்டும். மலிவுக்கு, கண்டெய்னரில் வந்திறங்கும் பெயரில்லாச் சரக்கு. போதாததற்கு எல்லார் கையிலும் மொபைல். இதே சந்தில் இரண்டு பிராண்டுகள் கடையைக் கட்டிவிட்டன. இவர் பதினோரு வருடமாக நிற்கிறார். எப்படி என்று கேட்டேன்.

“பட்டன் அமுங்கலன்னா கொண்டா, சும்மா மாத்தித் தாரேன்பேன். கொண்டாந்தா ஏசவும் செய்வேன். சிப்ஸ் தின்ன கையோட ஆடுனா ரப்பர் என்னத்துக்கு ஆகும்?”

பேசிக்கொண்டிருக்கும்போதே தாதர் மொத்த வியாபாரி ஞானசேகரன், ஒரு கட்டுப் புது டப்பாக்களோடு ஏணியேறி வந்தார். பட்டறைச் சரக்கில் பாதி அவர் கடைக்குத்தான் போகிறது. டப்பாக்களில் பளபளவென்று ‘சாயிமா – 400 கேம்’ என்றிருந்தது.

“அக்கா, எல்லாப் பயலும் நானூறுன்னு போடுதான். இருபத்தேழுன்னா எவன் தொடுவான்? இதுல போட்டுத் தாங்க. இல்லன்னா தீபாவளி ஆர்டர் வேற ஆளுக்குத்தான்.”

“அவனுவ நானூறையும் ஒக்காந்து ஆடிட்டேன் அண்ணாச்சி. பத்தொம்பதுதான் வேற வேற. பாக்கியெல்லாம் அதே காருக்குப் பெயின்ட் மாத்தி அடிச்சது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞானசேகரன் சிரிக்கவில்லை. “கஸ்டமர் டப்பாவத்தான் படிப்பான். இருபத்தெட்டாவது கேம் வரைக்கும் எவன் ஆடப்போறான்?”

“வாங்குத பிள்ளை ஆடும். ஆடுனாத் தெரிஞ்சிரும். பொறவு சாயிமான்னாலே பொய்யின்னு சொல்லும்.”

ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த இசக்கிசெல்வி கையை நிறுத்தினாள். “அக்கா, வெறும் டப்பாதானே? ஒத்துக்கிடுங்களேன். ஆர்டர் போச்சுன்னா நாங்க அஞ்சு பேரும் எங்க போவோம்?”

நியாயமான பயம். மதீனா பீவி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஞானசேகரன் கொண்டுவந்த கட்டிலிருந்து ஒரு டப்பாவை உருவினார். சரி, இறங்கி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஒட்டியிருந்த ஓரத்தை நகத்தால் பிரித்தார். உள்பக்கம் வெளியே வரும்படி அட்டையைத் திருப்பி மடித்தார். வெறும் பழுப்பாக இருந்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் ‘சாயிமா 27’ என்று பெரிதாக எழுதி, அதன் கீழே இந்தியில் ‘எண்ணிப் பார்த்துக்கொள்’ என்று எழுதினார். மை காயும்வரை ஊதிவிட்டு, பெட்டியொன்றை உள்ளே வைத்து மூடி, ஞானசேகரனின் கையில் கொடுத்தார்.