சாமித் தட்டில் அடித்த போன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் பூட்டுப் போடக்கூடிய இடம் ஒன்றுகூட இல்லை. இரண்டு அறை, ஓர் அலுமாரி. அலுமாரிக் கதவைக் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறோம். தங்கையின் போனை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது எனக்குச் சாமித் தட்டு ஞாபகம் வந்தது அதனால்தான். சுவரில் உயரமாக அடித்த ஒரு பலகை; அதன் மேல் முருகன் படம், அந்தோனியார் படம், ஒரு பித்தளை விளக்கு. குளிக்காமல் அதில் யாரும் கை வைப்பதில்லை. பூட்டைவிட இது உறுதி என்று நினைத்தேன்.

அவளுக்கு அப்போது பதினாறு வயது. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பொதுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பரீட்சையில் தேறிய முதல் ஆள் நான். அப்பா புறக்கோட்டையில் வெங்காய மூட்டை தூக்குகிறார். அம்மா வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் சமைக்கப் போகிறார். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன். தங்கையின் பாடசாலைக் கூட்டங்களுக்கும் நான்தான் போவேன், அங்கே கையெழுத்துக் கேட்பார்கள் என்பதால். நான் வாசித்துச் சொன்ன எதையும் அப்பா மறுத்ததில்லை. அதில் எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

போனை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். டீச்சர்மார் எல்லா அறிவித்தல்களையும் வகுப்புக் குரூப்பில்தான் போடுகிறார்கள். ஆனால் அவள் குரூப்பை மட்டுமா பார்த்தாள்? சோற்றுக் கோப்பையின் முன்னால் தண்ணீர்ப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டாள். கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவாள். ஆறு குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கும் கக்கூசுக்கும் அதைக் கொண்டுபோனாள். வெளியில் வாளியோடு நின்ற கீழ்வீட்டு அன்ட்டி ஒருநாள் கதவில் தட்டி, “மகள், படம் முடிஞ்சா சொல்லுங்க, நாங்களும் உள்ளுக்கு வாறம்” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அந்தத் தவணையில் கணிதத்தில் முப்பத்தெட்டு எடுத்திருந்தாள்.

அன்று மாலை அவளைச் சாமித் தட்டின் முன் நிறுத்தினேன். போன் இனி இங்கேதான் இருக்கும், குளித்துவிட்டு நாளுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் எடுக்கலாம், வேறு நேரத்தில் தொடக்கூடாது என்றேன்.

“எல்லாப் பிள்ளைங்களும் பாக்குறாங்க அண்ணா.”

“எல்லாப் பிள்ளைங்களும் முப்பத்தெட்டா எடுத்தாங்க? சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். என் முகத்தைப் பார்க்காமல் பண்ணினாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. அவள் கணக்குக் கொப்பியை விரித்து வைத்திருப்பாள்; இடது கை மட்டும் பாயில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். எழும்பித் தண்ணீர் குடிப்பாள். உட்கார்ந்த உடனே மறுபடி எழும்புவாள். தட்டின் மேல் போன் அதிரும்போது விளக்கில் பட்டு ‘டிங்’ என்று கேட்கும். எல்லாரும் முருகனைப் பார்ப்போம். அப்பா கைகூப்பி, “சாமிக்கு மெசேஜ் வந்துருக்குடா, என்னான்னு படிச்சிச் சொல்லு” என்பார். நானோ அதே தட்டுக்குக் கீழே உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். அவள் போனை எடுப்பதையே விட்டிருந்தாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், தொடவேயில்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். பயண முகவர் அலுவலகத்தில் படிவம் நிரப்புவது என் வேலை. நாலாம் நாள் காலையில் அங்கே பக்கத்து மேசைக்காரரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன்.

அன்று ஒரு மணி தாண்டியதும் அவளுடைய நடன டீச்சர் எனக்கு அழைப்பு எடுத்தார்.

“தம்பி, தங்கச்சி எங்க? எல்லாப் பிள்ளையளும் ஆடி முடிக்கினம்.”

“செயன்முறைப் பரீட்சை வெள்ளிக்கிழமை இல்லையா டீச்சர்?”

“இண்டைக்கு மாத்தினதெண்டு முந்தாநாளே குரூப்பில போட்டனான். மூண்டு மணிக்கு எக்ஸாமினர்மார் வெளிக்கிட்டிடுவினம்.”

அவள் நிச்சயமாக ஏ எடுப்பாள் என்று எல்லாரும் சொன்னது அந்த ஒரு பாடத்தில்தான். படிப்பு விடுமுறை என்பதால் அவள் வீட்டில் தனியாக இருந்தாள். நான் அவளுடைய போனுக்கு அழைப்பு எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். சத்தியம் அவ்வளவு பெரிதா, இப்படி விடாமல் அடிக்கிறதே, எடுக்கக்கூடாதா என்று கோபம் வந்தது. கீழ்வீட்டு அன்ட்டி சந்தைக்குப் போயிருந்தார். கடைசியில் அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தேன். புறக்கோட்டையிலிருந்து வீடு கிட்ட.

“அப்பா, இப்பவே வீட்டுக்குப் போங்க. தங்கச்சிய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போகணும். பரீட்சை.”

“நானா?”

“நீங்கதான்பா. நான் வந்து சேர நேரம் போயிரும்.”

அலுவலக வாசலில், காலி நகருக்குப் போகும் பெருவீதியில் முச்சக்கர வண்டியை மறித்தேன். “இக்மனட்ட யமு மல்லி” என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினேன். அவன் முன்னால் நின்ற பஸ்களைக் காட்டி, எப்படிப் போவது என்பதுபோல் “கொஹொமத அய்யே?” என்றான். வழியெல்லாம் நான் அவளுக்கு அடித்துக்கொண்டே போனேன்.

பாடசாலை வாசலில் அப்பா வேலைக்குக் கட்டிய சாரத்தோடு நின்றார், தோளில் மூட்டைக்குப் போடும் துண்டு. அவர் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

“உள்ள போயிருச்சு. வாச்மேன் பேர் எழுதச் சொன்னான். நீயே எழுதிக்கப்பான்னுட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் போறப்ப தட்டுக்குக் கீழ நின்னு அழுதுகிட்டு இருந்துச்சு. மேல போன் அடிக்குது. எடுக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சிக்கிச்சு.”

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு உறைக்கச் சிறிது நேரம் எடுத்தது. மாதவிலக்கு நாட்களில் எங்கள் வீட்டில் பெண்கள் சாமித் தட்டைத் தொடுவதில்லை. பதினாறு வருடமாக அவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன். சட்டம் போடும்போது அந்த நாட்கள் என் நினைவுக்கு வரவேயில்லை.

நின்ற இடத்தில் நிற்க முடியாமல் போனை வெளியே எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். “நீயும் அதத்தான் தடவிக்கிட்டு நிக்கிற” என்றார் அப்பா.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். முகமெல்லாம் வியர்வை. என்னைத் தாண்டி அப்பாவிடம் போனாள்.

“கடைசியா ஆட விட்டாங்கப்பா. சலங்கை வேற பிள்ளையோடது, லூஸ். ஒரு இடத்துல தாளம் விட்டுட்டேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே, எடுத்துத் தந்திருப்பேன்” என்றேன்.

“என்னான்னு சொல்லுறது? ஏன் எடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டீங்களா?” அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே, “நான் வீட்ட விட்டு வெளிக்கிடுறதுக்குள்ள பதினொரு தடவ அடிச்சீங்க” என்றாள்.

மாலையில் அம்மா வந்து குளித்துவிட்டுப் போனைக் கீழே இறக்கினார். போன் நாலு நாள் மேலேயே கிடக்கட்டும் என்று தானும் பேசாமல் இருந்ததாக ஒப்புக்கொண்டார். போன வருடம் இப்படி ஒரு நாளில் தங்கை மறந்துபோய் விளக்கைத் தொட்டதையும், அடுத்த வாரம் அப்பா மூட்டையோடு வழுக்கி மணிக்கட்டு உடைந்ததையும் அப்போதுதான் எனக்குச் சொன்னார். “அது தொட்டதாலதான் இப்புடி ஆச்சுன்னு நான் அன்னைக்கு வாய விட்டுட்டேன். அது மனசுல வச்சிக்கிட்டு இருந்துருக்கு. இனிமே சாமிய இதுல இழுக்காத.”

இப்போது கதவருகில் ஓர் ஆணியில் சிலிசிலிப் பை ஒன்று, கடையில் சாமான் போட்டுத் தரும் பொலித்தீன் பை, தொங்குகிறது. மாலை ஆறிலிருந்து எட்டுவரை போன் அதற்குள். “ஒங்களோடதும்” என்றாள் அவள். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் என்னோடு அளந்துதான் கதைத்தாள். பரீட்சை முடிந்துவிட்டது, பெறுபேறு இன்னும் வரவில்லை. எட்டு மணி ஆனதும் அவள் போனோடு மூலைக்குப் போய்விடுவது மாறவில்லை. அதைப் பார்க்கும்போது என் வாய் துடிப்பதும் மாறவில்லை.

போன கிழமை ஒரு மாலை, நான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “அண்ணா, எனக்கு வயிறு வலி. நாலு நாளைக்குத் தண்ணி வாளிய நீங்க தூக்குங்க.”

“சரி” என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

வாளியோடு மேலே ஏறி வந்தபோது பை சரசரத்தது. யாருடைய போன் என்று தெரியவில்லை. இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். அவள் எழும்பாமல் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. நான் வாளியை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.